சோதிப்போரும் சோதிக்கப்படுவோரும்
ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை முன்னிட்டு ஒரு திறனாய்வு

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி சென்னையெங்கும் பரவிற்று. பண்ணையினர் அதனை மறுத்தனர், அது வதந்தியே. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பகுதியில் ஒரு முதலை சாலையைக் கடப்பதாக ஒரு படக்காட்சி பரவிற்று. பீர்க்கன்கரணையில் வாழ்வோர்க்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி. முந்தைய வதந்தியை நினைவிற்கொண்டோர் இதனையும் கட்டுக்கதையெனத் தள்ளியிருப்பின் வியப்பில்லை. ஆயினும் இம்முறை செய்தி மெய்யாயிற்று. சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் நன்னீர் முதலைகள் வாழ்வதை அரசு அதிகாரிகளே எடுத்துரைத்தனர்.

கேட்டதையெல்லாம் நம்புகிறவர் 2015-இல் தவறினார். எதையும் நம்பாதவர் 2023-இல் தவறினார். இருவருமே செய்தியை ஆராயவில்லை. தத்தம் இயல்புப்படி முடிவு செய்தனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு வழியை மாணாக்கருக்குக் கற்பிக்க முனைந்த மூவரையும், அவர்களுக்கு நெடுநாள் முன்னரே நம் அண்டை மாநிலத்தில் இம்முயற்சியில் இறங்கிய ஒருவரையும் ஒப்புநோக்குவது ஆயர்களுக்கும் இறையியல் மாணாக்கருக்கும் பயனுடையது எனக் கருதுகிறோம்.

மூவரும் அவர்தம் பாடமும்

அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2013-ஆம் ஆண்டு 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி அண்ட் சயன்ஸ்' என்னும் பாடம் தொடங்கப்பெற்றது. இயற்பியலாளர் சால் பெர்ல்மட்டர், மெய்யியலாளர் ஜான் கேம்பல், சமூக உளவியலாளர் ராபர்ட் மெக்கூன் ஆகிய மூவரும் இணைந்து இதனை வகுத்தனர். இப்பாடத்தின் சாரத்தை 2024-இல் 'தேர்ட் மில்லெனியம் திங்கிங்' என்ற நூலாகவும் வெளியிட்டனர். அறிவியலின் முடிவுகளையன்றி, அறிவியலாளர் தம் தவறுகளினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் பழக்கங்களை எல்லாத் துறை மாணாக்கருக்கும் கற்பிப்பதே இதன் நோக்கம்.

பெர்ல்மட்டரின் வாழ்க்கையே இப்பாடத்திற்கு ஒரு விளக்கவுரை எனலாம். அண்டத்தின் விரிவு காலப்போக்கில் எவ்வளவு தளர்கின்றது என்பதை அளக்கவே அவர் குழுவினர் தொலைவிலுள்ள வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்தனர். கிடைத்த விடையோ நேர்மாறானது. விரிவு தளரவில்லை, விரைவுபடுகின்றது என்பது 1998-இல் வெளிப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காக 2011-இல் பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் என்பவர்களோடு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. எதிர்பார்த்த விடைக்கு மாறான விடையை ஏற்க ஆயத்தமாயிருந்தவர் அப்பழக்கத்தைக் கற்பிக்க முன்வந்தது பொருத்தமே.

இப்பாடம் வழங்கும் கருவிகளுள் மூன்றினைச் சுட்டலாம். முதலாவது, உறுதியை அளவிட்டுச் சொல்லுதல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி என்று சொல்லுகிறவர், தாம் அவ்வாறு சொல்லும் இருபது கூற்றுகளில் ஏறத்தாழ ஒன்று பொய்க்கும் என்பதையும் உடன் ஒப்புக்கொள்ளுகிறார்.

இரண்டாவது, விடையை மறைத்து ஆராய்தல். கணக்கிடும் முறை முடிவாகும்வரை அதன் விளைவை ஆய்வாளரே காணாதபடி மறைத்துவைப்பர். விடை தமக்கு உவப்பானதாயின் ஆய்வை அங்கேயே நிறுத்தவும், உவப்பற்றதாயின் பிழை தேடிக்கொண்டேயிருக்கவும் மனிதமனம் தூண்டப்படுவதே இதற்குக் காரணம். எழுதியவரின் பெயரை மறைத்து விடைத்தாளைத் திருத்துவதும் இத்தகைய காப்பே.

மூன்றாவது, உண்மை பற்றிய வினாவையும் மதிப்பீடு பற்றிய வினாவையும் பிரித்தல். இதற்கு அமெரிக்காவின் டென்வர் நகர வழக்கு சான்றாகும். அந்நகரக் காவலர்க்கு எவ்வகைத் துப்பாக்கிக் குண்டு தருவது என்பதில் 1970-களின் நடுவில் கடும் பூசல் எழுந்தது. ஹேமண்ட், அடல்மன் என்னும் ஆய்வாளர் இருவர் அவ்வினாவை இரண்டாகப் பிரித்தனர். ஒவ்வொரு குண்டும் என்ன காயம் விளைவிக்கும், எதிரியை எவ்வளவு தடுக்கும், அருகிலிருப்போர்க்கு என்ன தீங்கு செய்யும் என்பவற்றை வல்லுநர் மதிப்பிட்டனர். இவற்றுள் எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதை நகரத்தார் சொல்லினர். ஈற்றில் இருசாராரும் ஏற்கத்தக்க ஒரு குண்டு கிடைத்தது. 1976-இல் வெளியான இவ்வாய்வு, வல்லுநரின் இடத்தையும் பொதுமக்களின் இடத்தையும் தெளிவாக வரையறுத்தது.

பெங்களூர் முயற்சி

அதே 1976-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா, அற்புதங்களையும் சோதித்தறியத்தக்க மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழுவை நிறுவினார். அவர் இயற்பியலாளர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், கதராடை உடுத்து மாணவர் விடுதி அறையொன்றில் எளிமையாய் வாழ்ந்த காந்தியவாதி. தந்நலம் கருதி அவர் இதில் இறங்கினார் என்று பகைவரும் சொல்லுதற்கில்லை. செல்வாக்கின் உச்சியிலிருந்த சத்திய சாயி பாபாவுக்கு அவர் மடல்கள் எழுதி, சோதனைக்குட்பட்ட நிலையில் அற்புதங்களைச் செய்துகாட்ட அழைத்தார். அவ்வழைப்பு ஏற்கப்படவில்லை. 1977-இல் குழுவும் கலைக்கப்பட்டது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமையென அரசியலமைப்பில் சேர்த்த நாற்பத்திரண்டாம் திருத்தமும் 1976-இல் நிறைவேறியதே. ஆயினும் கால் நூற்றாண்டு கழித்து, 2001-இல், பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முற்பட்டது. அதனை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2004-இல் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் வாசகமொன்றே மனப்பான்மையைத் தோற்றுவிக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கற்பிக்கும் மனிதரும், அவர் நடந்துகாட்டும் முறையும் இன்றியமையாதன.

குறையும் நிறையும்

இவ்விரு முயற்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஒன்று புலப்படுகின்றது. நரசிம்மையாவின் துணிவு போற்றத்தக்கது. அதிகாரமும் செல்வமும் சூழ்ந்த இடத்தில் வினா எழுப்புவது எளிதன்று. ஆனால் அவர் குழு பிறருடைய கூற்றைச் சோதிக்க எழுந்தது. நம்பிய பொதுமகன் தன்னையும் உடன்சோதிப்பவனாக அழைத்ததாக அதனை உணர்ந்திருக்க முடியாது. தன் பக்தி குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதாகவே உணர்ந்திருப்பான். பெர்க்கிலி ஆசிரியர்களோ சோதனையைத் தம்மிடத்திலேயே தொடங்குகின்றனர். ஐயத்தின் முதல் இலக்கு ஐயப்படுகிறவரே. இது அப்பாடத்தின் தலையாய நிறை.

எனினும் குறையொன்றும் உண்டு. டென்வரில் இருசாராரும் ஒரு மேசைக்கு வந்தனர். வர மறுப்போரை என் செய்வது? தரவுகளைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு மக்களுக்குக் காட்டாதோரை என் செய்வது? வல்லுநரால் முன்னர் ஏமாற்றப்பட்டமையால் எவ்வல்லுநரையும் நம்பாத ஏழையை என் சொல்லி அழைப்பது? பெர்க்கிலிப் பாடத்தின் கருவிகள் கூடி அமர்ந்தோர்க்கு உதவுவன. கூட்டிச்சேர்க்கும் ஆற்றல் அவற்றில் குறைவு. அவ்விடத்தில் நரசிம்மையாவின் துணிவும், அவர் வாழ்ந்த எளிய வாழ்வும் நமக்குத் தேவைப்படுகின்றன.

நம் பணிக்கு

நோயுற்றவர் மருத்துவரிடம் செல்லுமுன்னரே ஆயரிடம் வருவது நம் சபைகளில் வழக்கம். ஆயர் கைப்பேசியில் அனுப்பும் செய்திக்குப் பிரசங்கபீடத்தின் எடை உண்டு. சுகம்பெற்றதாக ஒருவர் சொன்ன சாட்சியை ஆராயாமல் அறிவிப்பதைக் கேட்டு ஒரு சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்திவிட்டால், இழப்பு உயிரிழப்பாகக்கூடும். மறுபுறம், உண்மையான துயரோடு வருகிறவரின் அனுபவத்தைக் கேளாமலே மூடநம்பிக்கையென ஒதுக்குவதும் பணியாளனுக்கு அடுத்ததன்று.

ஆகவே சாட்சியை அறிவிக்குமுன், எதனைச் சான்றாகக் கொள்வோம் என்பதை ஆயர்கள் முன்னதாகவே முடிவு செய்தல் வேண்டும். மருத்துவரின் சோதனைக் குறிப்பு என்ன, எத்தனை மாதங்கள் கழித்தும் நலம் நீடித்தது, அதே கூட்டத்தில் ஜெபிக்கப்பட்டும் சுகம் பெறாதோர் எத்தனை பேர் என்பன கணக்கில் வரவேண்டும். சபைக் குழுவில் பழைய ஆலயத்தை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்ற வாதம் எழுமாயின், சுவரின் உறுதியைப் பொறியாளர் சொல்லட்டும். நினைவுக்கும் செலவுக்கும் தரும் எடையைச் சபையார் சொல்லட்டும். கடவுள்மீதுள்ள விசுவாசத்தின் நிச்சயத்தை, நாம் கேள்விப்பட்ட செய்தியின் நிச்சயமாக மாற்றி வழங்குதல் ஆகாது. எல்லாவற்றையும் சோதித்து நலமானதைக் கைக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்குக் கூறிய அறிவுரை, நம்முடைய சொற்களையும் உள்ளடக்கியதே.

இறையியற் கல்லூரிகள் இத்தகைய பாடமொன்றை ஒரு பருவத்திற்கேனும் நடத்துதல் நன்று. அதனை இறையியலாளர் மட்டும் கற்பித்தல் போதாது. ஒரு மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் உடனிருந்து, ஆசிரியர் மூவரும் மாணாக்கர் முன்னிலையில் ஒருவர் கூற்றை ஒருவர் மறுத்து, மறுப்பு வலியதாயின் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஆசிரியர் கருத்து மாற்றுவதைக் கண்கூடாகக் காணும் மாணாக்கர், நாளை தம் சபையில் 'இதில் எனக்கு முழு உறுதியில்லை' என்று சொல்ல அஞ்சமாட்டார்.