கட்டைவிரல் சொன்னதைக் கேட்க வேண்டும்

சண்டை விளையாட்டுக்கு கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்வது, அதை எடுத்து உள்ளங்கையில் அமுக்கிப் பார்ப்பது. பிடி மெத்தென்று இருக்கிறதா, கனம் உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "கைக்கு அடக்கமா இருக்கு" என்று பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். கார் ஓட்டும் விளையாட்டுக்கும் கால்பந்துக்கும் இந்தச் சோதனை போதும். சண்டைக்குப் போதாது. டெக்கனிலும் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் உள்ளங்கைக்குப் பெரிதாக வேலை கிடையாது. இடது கட்டைவிரலின் நுனி ஓர் அங்குல வட்டத்துக்குள் என்ன செய்கிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அந்த நுனி நினைத்ததைத் திரை செய்ய வேண்டும். நினைக்காததை ஒருபோதும் செய்யக் கூடாது. என் அகராதியில் சௌகரியம் என்பது இவ்வளவுதான். மெத்தென்ற பிடியெல்லாம் அதற்கு அப்புறம்.

தொண்ணூறுகளின் கடைசியில் காவிரி டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் வாடகை கேம் கடைகளில் கிடைத்தது. கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ பஸ் ஏறினால் காசு போட்டு ஆடும் பெட்டிகள் இருந்தன. 1993-ல் காப்காம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற விளையாட்டை அந்தப் பெயரில் கேட்டால் நம் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதில் வரும் ஒரு வீரனின் பெயரால் அது 'முஸ்தபா'. அந்தப் பெட்டிகளின் லீவர்கள் பல கை பட்டு, மேலே தள்ளினால் மேலேயும் பக்கத்திலேயும் போகிற அளவுக்கு ஆடிப்போயிருக்கும். எந்தப் பெட்டியில் எந்தத் திசை செத்துப்போயிருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவன்தான் அங்கே ராஜா.

பிறகு பிளேஸ்டேஷன் வந்தது, கூடவே டெக்கன் 3. ஆர்க்கேடில் 1997-லும் பிளேஸ்டேஷனில் 1998-லும் வந்த அந்த விளையாட்டைப் போல கன்ட்ரோலரோடு ஒத்துப்போன இன்னொன்றை நான் பார்த்ததில்லை. நான்கு பட்டன், நான்கு அவயவம். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, பெருக்கல் குறி இடது கால், வட்டம் வலது கால். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் நிற்கும் உடம்பு நம் வலது கட்டைவிரலுக்குக் கீழே வந்துவிடும். எடி கோர்டோ என்ற வீரனை எடுத்துக்கொண்டு கால் பட்டன்கள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, பழக்கப்பட்டவர்களையே சாய்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். "எடி எடுத்தா நான் ஆட வரலை" என்று எழுந்து போனவர்களும் இருந்தார்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் வேறு சாதி. 1987-ல் முதன்முதலாக வந்தபோது அதன் பெரிய பெட்டியில் பட்டனுக்குப் பதில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என இரண்டு ரப்பர் மேடைகள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கை என்ன ஆகும்? குத்து மூன்று, உதை மூன்று என்று ஆறு பட்டன் வைத்த பெட்டிதான் கடைசியில் நிலைத்தது. 1991-ல் வந்த இரண்டாம் பாகம் அந்த ஆறையே உலகத்துக்கு வழக்கமாக்கிவிட்டது. நான்கு முகப்பு பட்டன்கள் மட்டும் இருக்கும் சாதாரண பேடில் ஆடினால், பலத்த அடிகள் இரண்டும் ஆள்காட்டி விரலின் தலையில் விழும். அதனால்தான் 1994-ல் வந்த சேகா சாட்டர்னின் பேடைச் சண்டை ரசிகர்கள் இன்னும் மறக்காமல் இருக்கிறார்கள். அதன் முகப்பிலேயே ஆறு பட்டன்கள் இரண்டு வரிசையாக இருந்தன.

இனி இடது பக்கம். பேடில் இருக்கும் சிலுவை வடிவத் திசைப் பட்டனை 1982-ல் நின்டென்டோவின் குன்பெய் யோகோய், கையடக்க டாங்கி காங் விளையாட்டுக்காக வடித்தார். சோனி அதையே நான்கு துண்டாக வெளியே தெரியும்படி செய்தது. நேர்த்திசை நான்கும் எந்த பேடிலும் ஒழுங்காக வரும். தரம் தெரிவது மூலையில். ஷொர்யூகென் என்ற எழும்பு குத்துக்கு முன், கீழ், கீழ்-முன் என்று மூன்று திசைகளைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தொட்டு, குத்து பட்டனை அழுத்த வேண்டும். அந்த மூன்றாவது, மூலைத் திசை. அது தவறினால் எழும்ப வேண்டியவன் நின்ற இடத்தில் காற்றைக் குத்திவிட்டு அடி வாங்குவான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி புது பேடோடு வந்தான். "அண்ணே, இடது பக்கம் நின்னா வருது. வலது பக்கம் மாறி நின்னா வரவே மாட்டேங்குது."

"நீ போட்டதை பேடு எப்படி வாங்கியிருக்குன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பயிற்சி அறைக்குள் போய், அழுத்தும் திசைகள் அம்புக்குறியாகத் திரையோரத்தில் ஓடும்படி வைத்தோம். இடது பக்கம் நிற்கும்போது மூன்று அம்புகளும் வரிசையாக வந்தன. வலது பக்கம் மாறியதும் இடது அம்பு, கீழ் அம்பு, மறுபடி இடது அம்பு. கீழ் அம்புக்கு அடுத்து வர வேண்டிய சாய்ந்த அம்பைக் காணோம். விரல் மூலை வழியாகத்தான் போயிருக்கிறது, பேடுதான் அதைக் கவனிக்கவில்லை. அவனுடைய பழைய பேடை மாட்டிப் பார்த்தோம். பிடி தேய்ந்து, நிறம் மங்கியிருந்த அதில் சாய்ந்த அம்பு தப்பாமல் வந்தது. கடையில் அமுக்கிப் பார்க்கும் சோதனையில் புதியது ஜெயித்திருக்கும்.

திசைப் பட்டனின் விளிம்பும் முக்கியம். கூர்மையாக இருந்தால் ஒரு சாயங்காலத்தில் கட்டைவிரல் கொப்பளித்துவிடும். பனியன் நுனியை விரலுக்கும் பட்டனுக்கும் நடுவே வைத்து வழுக்கி ஆடியவர்கள் தழும்போடு சாட்சி சொல்வார்கள்.

பேடை விட்டு லீவருக்கு வந்தால் அது தனி உலகம். மடியிலோ மேஜையிலோ வைக்கும் பெட்டி, மேலே ஒரு குண்டு, பக்கத்தில் எட்டு பட்டன். கட்டைவிரல் செய்த வேலையை மணிக்கட்டும் நான்கு விரல்களும் பகிர்ந்துகொள்ளும். ஜப்பானிய லீவர்களில் பேர்போனது சன்வா ஜேஎல்எஃப். 35 மில்லிமீட்டர் குண்டு; அடியில் நான்கு மைக்ரோ சுவிட்ச்; லீவரை நடுவுக்குத் திருப்ப ஒரு ஸ்ப்ரிங்; அதன் ஓட்டத்தை அடைக்கும் சதுரச் சட்டம். சட்டத்தின் மூலைக்குள் லீவர் போய் உட்கார்ந்தால் அதுதான் சாய்ந்த திசை. கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் மூலை எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். குனிந்து தடுத்தபடியே காத்திருக்கும் ஆட்டக்காரருக்கு அந்த மூலை வரப்பிரசாதம். முழு வட்டம் சுழற்றிப் பிடி போடும் ஸாங்கிஃப் ரசிகருக்கோ அதே மூலைகள் இடறும். அவர் எண்கோணச் சட்டத்துக்கு மாற்றிக்கொள்வார்.

கொரிய லீவரில் ஸ்ப்ரிங் கிடையாது. தண்டைச் சுற்றி ரப்பர் வளையம், அதைச் சுற்றி வட்டமான ஓட்டம். விட்டதும் விருட்டென்று நடுவுக்கு வந்து நிற்கும். டெக்கனில் பின்னால் துள்ளி, துள்ளல் முடிவதற்குள் கீழ்-பின் தொட்டு அதை அறுத்து, மறுபடி துள்ளும் நகர்வு ஒன்று உண்டு. கொரிய ஆட்டக்காரர்கள் வளர்த்தெடுத்ததால் அவர்கள் நாட்டுப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு நல்ல கொரிய லீவரில் அதைச் செய்பவரின் மணிக்கட்டைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். கை அசைவதே தெரியாது; திரையில் ஆள் தரையில் கால் பாவாமல் வழுக்கிக்கொண்டே போவான்.

பட்டன்களிலும் இதே நுணுக்கம் உண்டு. சன்வாவின் 30 மில்லிமீட்டர் பட்டன் விரல் பட்டாலே அமுங்கும். வேகத்துக்கு அருமை, விரலை அதன் மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஆபத்து, கேட்காத குத்து போய்விடும். செய்மிட்சு பட்டன் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். எனக்குச் செய்மிட்சு பிடிக்கும். என் விரல் கொஞ்சம் அவசரக்காரன்.

லீவரே இல்லாத பெட்டியும் உண்டு. ஹிட் பாக்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் அந்த வகைக்கே ஆகிவிட்டது. இடது கை விரல்கள் மூன்றுக்கு இடம், கீழ், வலம். குதிப்பதற்குக் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பெரிய பட்டன். லீவர் ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்ய வேண்டும். இங்கே பயணமே இல்லை. அதுவே வம்பையும் கொண்டுவந்தது. லீவரால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது, பட்டனால் முடியும். அப்போது எது செல்லும்? 2019-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா கொண்டுவந்த காஃப்ரோ பாக்ஸ் என்ற பெட்டியைக் காப்காம் தன் போட்டித் தொடரில் தடுத்தது. 2023-ல் விதியைத் தெளிவாக்கி, எதிரெதிர்த் திசைகள் இரண்டும் சேர்ந்து அமுங்கினால் அவற்றில் ஒன்று ஜெயித்து நிற்கக் கூடாது என்றது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த நுணுக்கமெல்லாம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரான வலங்கைமானின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு தவில் உலகில் புகழோடு இருந்தவர் வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை. தவில்காரருக்கு வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. கூட்டைத் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்து, அவரவர் விரல் பருமனுக்கு அளவாகச் செய்துகொள்வார்கள். இன்னொருவர் கூட்டை மாட்டிக்கொண்டு யாரும் கச்சேரிக்கு உட்கார மாட்டார்கள். பேடு செய்கிற கம்பெனி உலகத்துக் கைகளுக்கெல்லாம் ஒரே அளவில் வார்த்து அனுப்புகிறது. லீவர் பெட்டியின் பெருமை இங்கேதான். அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றினால் குண்டை மாற்றலாம், சட்டத்தை மாற்றலாம், ஸ்ப்ரிங்கை இறுக்கலாம், பட்டனை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேறு செருகலாம். கொஞ்சம் கொஞ்சமாக அது நம் கையின் அளவுக்கு வந்துவிடும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரப்பர் பூச்சுப் பிடி இந்தப் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்து உருகத் தொடங்கும். வெறும் பிளாஸ்டிக் மேல். அறுவடைக் காலத்தில் சுணையும் தூசியும் ஜன்னல் வழியாக வந்து பேடுக்குள் இறங்கும். உள்ளே ரப்பர் விரிப்பும் அதன் அடியில் கருப்புக் கரிப் புள்ளிகளும் இருக்கும். திறந்து துடைத்தால் செத்த பட்டன் பல நேரம் உயிர் பெறும். வயர் உள்ளதையே வாங்குங்கள். டெக்கனில் ஒரு விநாடிக்கு 60 படச்சட்டங்கள். மிஷிமா குடும்பத்தின் மின்னல் குத்துக்குத் திசையும் பட்டனும் ஒரே படச்சட்டத்தில், அதாவது விநாடியில் அறுபதில் ஒரு பங்கில் சேர்ந்து விழ வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? சத்தமும் ஒரு விஷயம். நடுக்கூடத்தில் பெரியவர்கள் படுத்திருக்கும் வீட்டில் மைக்ரோ சுவிட்ச் நள்ளிரவில் கடக் கடக்கென்று சொல்லும். வாண வெடிக்குப் பேர்போன வலங்கைமானிலேயே அந்தச் சத்தத்துக்கு எழுந்து திட்டும் பாட்டிகள் உண்டு.

எது உசத்தி என்ற சண்டைக்கு முடிவு கிடையாது என்பதற்கு மேடைகளே சாட்சி. 2004-ல் உமெஹாரா, ஜஸ்டின் வாங்கின் சுன்-லி பொழிந்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி விலக்கியது லீவரில். 2014-ல் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை பிரான்சின் லஃபி வென்றது, நம் வாடகைக் கடைகளில் கிடந்த அதே முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் பேடில். அமெரிக்காவின் மைக் பெகம், கை கால்கள் வளையாமல் பிறந்தவர். பேடை முகத்தோடு அணைத்து வாயாலும் நாக்காலும் ஆடி, தேர்ந்த சுன்-லி ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டு 2023-ல் மறைந்தார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குத் தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44. இந்தியா சார்பில் மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் அங்கே ஆடினார்கள்.

என்னைக் கேட்டால், டெக்கன் மட்டும் ஆடுகிறவருக்கு நல்ல மூலையுள்ள, வயர் போட்ட பேடு போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மனம் நிற்கிறவர் ஆறு பட்டன் பேடில் தொடங்கி, ஆசை அடங்காவிட்டால் லீவருக்குப் போகலாம். மணிக்கட்டு வலிக்கிறவருக்கு லீவர் இல்லாத பெட்டி. தரையில் சம்மணமிட்டு ஆடுகிறவர் கனமான பெட்டியாகப் பார்க்க வேண்டும். இலேசானது மடியில் நிற்காது. எதை வாங்கினாலும் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில வாரம் ஆடிவிட்டு, தோற்கும்போது வாயில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். "பட்டன் விழலை" என்று வந்தால் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. "நான் அங்க குதிச்சிருக்கக் கூடாது" என்று வந்தால், உங்களுக்கான கன்ட்ரோலர் கிடைத்துவிட்டது; இனி திட்டு வாங்க நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.