அழுகிய சுறாதான் உண்மை பேசியது

ஃபார்மலினில் போட்டுவிட்டால் எந்த உடலும் அப்படியே இருக்கும்னு நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். பள்ளி ஆய்வகத்து ஜாடித் தவளை தந்த எண்ணம். டேமியன் ஹர்ஸ்டின் சுறாவைப் பற்றிப் பேசுமுன் அதைக் கொஞ்சம் சரிபார்க்கணும்.

1991-இல் ஹர்ஸ்ட், ஆஸ்திரேலியக் கடலில் பிடித்த சுமார் 14 அடிப் புலிச்சுறாவைக் கண்ணாடித் தொட்டியில் ஃபார்மால்டிஹைடு கரைசலுக்குள் நிறுத்தினார். பணம் கொடுத்தவர் சார்ல்ஸ் சாட்சி. 'உயிரோடு இருப்பவர் மனதில் மரணம் என்பது பௌதிகரீதியாகச் சாத்தியமில்லை' என்கிற பொருளில் நீளமான தலைப்பு. நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். திறந்த வாயோடு அது நம்மை நோக்கி வருகிற மாதிரி இருக்கும். படத்திலேயே வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் சுறா கெட ஆரம்பித்தது, கரைசலும் கலங்கியது. காரணம் வேதியியல்தான். ஃபார்மால்டிஹைடு, புரதங்களுக்கு இடையே பாலம் போட்டு இறுக்கிவிடும். அப்புறம் பாக்டீரியாவும் உடலின் சொந்த நொதிகளும் வேலை செய்ய முடியாது. ஆனால் அது உள்ளே ஊடுருவும் வேகம் ரொம்பக் குறைவு. தவளைக்குப் பிரச்சினை இல்லை. சுறா அளவு உடம்பில், மருந்து நடுப்பகுதிக்குப் போய்ச் சேருமுன் அழுகல் முந்திக்கொள்ளும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் பெரிய மாதிரிகளுக்கு ஊசி வழியாக உள்ளே செலுத்துவார்கள், வயிற்றைக் கீறிவிடுவார்கள்.

1993-இல் சாட்சி காட்சிக்கூடம் தோலை உரித்து ஃபைபர்கிளாஸ் அச்சின் மேல் போர்த்தியது. அதில் கனமே இல்லை என்று ஹர்ஸ்டே குறைப்பட்டார். 2006-இல் வேறொரு சுறா வந்தது. இந்த முறை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நிபுணரின் உதவியோடு, முறையாக ஊசி போட்டு.

கருத்துதான் படைப்பு, சுறாவை மாற்றலாம் என்பது ஹர்ஸ்ட் தரப்பு வாதம். எனக்கு ஒப்பவில்லை. மரணத்தை நம்மால் மனதில் கொண்டுவர முடியாது என்று தலைப்பு சொல்கிறது. கலங்கிய தண்ணீரும் சுருங்கிய தோலும் அதைக் கண்ணெதிரே கொண்டுவந்துவிட்டன. தலைப்போடு வாதாடியது அந்த முதல் சுறாதான். இரண்டாவது நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் தலைப்புக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று. அருங்காட்சியக ஜாடியில் ஒட்டிய சீட்டு அந்த ஓர் உடலுக்கு மட்டுமே சொந்தம்: எங்கே பிடித்தது, எந்தத் தேதி. உடலை மாற்றிவிட்டுச் சீட்டை அப்படியே விட்டால் அதற்குப் பெயர் மோசடி. இங்கே உடல் 2006-இல் மாறியது, படைப்பின் ஆண்டு மட்டும் 1991 என்றே தொடர்கிறது. என் தொழிலில் உள்ளே எதை மாற்றினாலும் வெர்ஷன் எண்ணையாவது மாற்றுவோம். இந்தத் தொட்டியிலும் இரண்டு தேதிகள் போட்டிருக்கலாம். முதல் சுறாவுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.