எட்டால் வகுக்கவும்

'100 எம்.பி.பி.எஸ்.' என்ற விளம்பரத்தைப் பார்த்து (டாக்டர்கள் அல்ல), 700 எம்.பி. சினிமா ஏழே செகண்டில் இறங்கிவிடும் என்று நம்பினீர்களா? உங்கள் மேல் தப்பில்லை. கம்பெனி சொல்லும் 'பி' பிட். உங்கள் ஃபைலின் 'பி' பைட். எட்டு பிட் ஒரு பைட். வகுத்தால் செகண்டுக்கு 12.5 மெகாபைட்தான். சினிமாவுக்கு 56 செகண்ட், அதுவும் லைன் ஒழுங்காக இருந்தால்.

டெலிபோன்காரர்கள் பிட்டில் எண்ணுவது பழைய வழக்கம். குரலை செகண்டுக்கு 8,000 தடவை அளந்து, தடவைக்கு 8 பிட் வீதம் 64 கிலோபிட் என்பார்கள். 2004-ல் அரசு பிராட்பேண்டுக்கு விதித்த குறைந்தபட்சம் 256 கிலோபிட். கைக்கு வந்தது 32 கிலோபைட். 2023-ல் அதை 2 மெகாபிட் ஆக்கினார்கள். அதாவது கால் மெகாபைட்.

வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். நட்சத்திரக் குறி போட்டு, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்திலேயே '12.5 மெகாபைட்' என்று போட என்ன கேடு?