உடன்குடிக் கருப்பட்டியை ருசிப்பது எப்படி?

கருப்பட்டி என்றால் முகம் சுளிக்கிறவர்களில் பெரும்பாலோர் உடன்குடிச் சரக்கைத் தொட்டதே இல்லை. சீனிப்பாகில் கறுப்பேற்றி விற்றதைத் தின்றுவிட்டு ஒதுங்கியவர்கள். அவர்கள் ஒதுங்கி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

செய்முறையை விரசாகச் சொல்லிவிடுகிறேன். தேரி மணலில் நிற்கிற பனையில் ஏறிப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்; அதற்குத்தான் 1987 முதல் தடை. பதநீரை வடிகட்டி, விடிலி என்கிற ஓலைக்குடிசையில் காய்ச்சுவார்கள். பொங்கி வந்தால் தட்டிய ஆமணக்கு விதை கொஞ்சம் போட அடங்கும். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். 8 முதல் 10 லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ தேறும். அவ்வளவுதான்.

இனிதான் விஷயம். புதுக் கருப்பட்டி வேறு, பழங்கருப்பட்டி வேறு. புதுசில் இனிப்பு முந்திக்கொண்டு வந்து நாக்கை மூடிவிடும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பழசு என்பது ஓலைக்கொட்டானில், அடுப்புக்கு மேல் பரணில், ஒரு மழைக்காலத்தையாவது தாண்டியது. ஐப்பசி ஈரத்தில் இளகி, புகைச்சூட்டில் மறுபடி இறுகியிருக்கும். நிறம் கறுத்திருக்கும். சின்னச் சில்லை நாக்கில் வைத்து வாயை மூடுங்கள், கடிக்காதீர்கள். முதலில் புகை, பிறகு மெல்லிய உப்பு, அப்புறம்தான் இனிப்பு; கடைசியில் தொண்டையில் லேசான கசப்பு. அந்தக் கசப்பு பிடிபடாதவர்கள் கருப்பட்டியைப் பற்றிப் பேசவே கூடாது. ஐரிஷ் விஸ்கி குறைந்தது 3 வருஷம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டுமென்று சட்டமே உண்டு. பாட்டிலில் வருஷக்கணக்கைத் தேடிப் படிக்கிற நம்மவர்கள், இந்தக் கருப்பட்டி எந்த மழையைப் பார்த்தது என்று ஒரு நாளும் கேட்பதில்லை! மழையிலும் இளகாமல் கல்லாகவே கிடந்தால் சந்தேகப்படுங்கள். சீனி கலந்திருக்கும்.

நெடுஞ்சாலைக் கடைகளில் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்களே, அது காப்பியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று பலகை வைப்பது அதைவிட மோசம். இதுவும் சர்க்கரைதான் ஐயா. ருசிக்காகத் தின்னுங்கள், மருந்தென்று சொல்லிக்கொண்டு தின்னாதீர்கள்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உடன்குடிக்குப் போனால் முன்னால் அடுக்கியிருப்பதைக் காட்டி விலை கேட்காதீர்கள். “பழசு கிடக்கா, அண்ணாச்சி?” என்று கேளுங்கள். இருந்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார். உடைத்து மோந்து பாருங்கள். புகைமணம் வந்தால் கிடைத்ததையெல்லாம் வாங்கிவிடுங்கள். கடுங்காப்பிக்கு அதுதான், சுக்கைத் தட்டிப் போட்டு, பால் ஒரு சொட்டும் விடாமல்.