கல்லில் நீந்தும் மீன்: அங்கோரை எப்படி ரசிப்பது?

கம்போடியாவுக்குச் சுற்றுலா போகும் தம்பதிகள் பலரின் திட்டம் ஒன்றுபோலவே இருக்கும். விடியுமுன் எழுந்து அங்கோர் வாட் குளக்கரையில் சூரிய உதயம், மதியத்துக்குள் மூன்று கோயில், பிறகு ஹோட்டலில் தெரிந்த சாப்பாடு. மூன்றாம் நாள் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று அலுப்பு தட்டிவிடும். பார்க்கும் வரிசையை மாற்றினால் இந்த அலுப்பு வராது. நானும் என் மனைவியும் அங்கோர் வாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பாயோனில் தொடங்கினோம். அந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பாயோன்

ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய கோயில் இது. உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் கோபுரங்களின் பெரிய முகங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். முகங்கள் எங்கும் போய்விடாது. நீங்கள் முதலில் வெளிச்சுற்றின் தெற்குச் சுவருக்குப் போங்கள்.

அங்கே சிற்பங்களில், அங்கோரை ஆண்ட கெமர்களின் படையும் அவர்களின் எதிரிகளான சாம்களின் படையும் படகுகளில் மோதுகின்றன. படகுகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மரங்களுக்கு நடுவே மீன்கள் நீந்தும். சிற்பி கண்ணால் கண்ட காட்சி அது. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, தோன்லே சாப் ஆறு திசை மாறி தோன்லே சாப் ஏரியை நோக்கிப் பாய்கிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, அப்போது 10,000 சதுர கிலோமீட்டரையும் தாண்டி விரிகிறது. கரையோரக் காடு நீரில் மூழ்க, மீன்கள் மரங்களுக்கிடையே இரை தேடுகின்றன. ஒரு பேரரசுக்கே சோறு போட்ட ஏரி அது.

போருக்குக் கீழ்வரிசையில் ஊர் வாழ்க்கை. கடை விரித்த பெண்கள், சேவல் சண்டை, பிரசவ வலியில் ஒரு பெண், விருந்துக்குச் சமைக்கும் ஆட்கள். சமையல் காட்சியில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். ஒருவர் குச்சியில் செருகியதை நெருப்பில் வாட்டுகிறார்; பக்கத்தில் பானை கொதிக்கிறது. கடை விரித்த பெண்களுக்கு எழுத்திலும் சாட்சி உண்டு. 1296இல் அங்கோருக்கு வந்து ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கிய சீனத் தூதுக்குழுவின் சோ டாகுவான், இங்கே வியாபாரம் பெண்கள் கையில் இருக்கிறது, தரையில் பாய் விரித்து விற்கிறார்கள் என்று எழுதிவைத்தார்.

பிறகு சந்தை

அதே நாள் சியம் ரீப் நகரின் பழைய சந்தைக்குப் போங்கள். மீன் நறுக்குகிறவர்களும் காசு வாங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். மூங்கில் குச்சியைப் பிளந்து மீனை இடுக்கி வாட்டுவதையும் அந்த ஊரில் பார்க்கலாம். காலையில் கல்லில் பார்த்தது கண்முன் நடக்கும்.

சாப்பாட்டை அமோக்கில் தொடங்கலாம். எலுமிச்சைப் புல், மஞ்சள், அரத்தை, பூண்டு சேர்த்து இடித்த விழுதின் பெயர் குரோங். அதையும் தேங்காய்ப் பாலையும் மீனோடு கலந்து, வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைக்கிறார்கள். நல்ல அமோக் குழம்பாக ஓடாது. கரண்டி பட்டால் மெத்தென்று பிளக்கும். அடியில் நுணா இலை இருந்தால் அதையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், அந்த லேசான கசப்புதான் தேங்காய்ப் பாலின் இனிப்பைச் சமன் செய்கிறது.

அடுத்து ப்ரஹோக். ஏரி வடியும் காலத்தில் குவியும் மீனை உப்பிட்டு நொதிக்கவைத்த விழுது. கருவாடு பழகிய நம் மூக்குக்கு அது அந்நியமில்லை. பச்சைக் காய்களோடு கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிட்டால் ருசி பிடிபடும்.

வழியில் ஒரு கிராமம்

இரண்டாம் நாள் பாந்தே ஸ்ரீ கோயில். போகும் வழியில் ப்ரே தாக் கிராமத்தில் காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் நோம் பன் சோக்குக்குப் பேர்போனது. அரிசி மாவில் பிழிந்த மெல்லிய சேவைமீது பச்சை நிற மீன் குழம்பை ஊற்றி, வாழைப்பூவும் கீரையும் தூவித் தருவார்கள். அதே சாலையோரம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதையும் பார்க்கலாம். பனை கம்போடியாவின் தேசிய மரம். தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே.

பாந்தே ஸ்ரீ 967இல் குடமுழுக்குக் கண்ட சிறிய கோயில். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலைப்பாடு போன்ற நுணுக்கம். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கொடியும் தனியே எழுந்து நிற்கும். கிழக்கு வாயிலின் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அங்கே நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை.

கடைசியில் அங்கோர் வாட்

இரண்டாம் சூர்யவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய இக்கோயில் மேற்கு நோக்கியது. அதனால் பிற்பகல் வெளிச்சம்தான் முகப்புக்கு அழகு. உள்ளே போனதும் வலப்பக்கம் திரும்பி, குருக்ஷேத்திரப் போரில் தொடங்குங்கள். சிற்பச் சுவர் இடக்கைப் பக்கமே வரவேண்டும். நம் ஊர் வலம்வருதலுக்கு நேர் எதிர்த்திசை அது. கதைகள் அந்த வரிசையில்தான் ஓடுகின்றன.

கிழக்குச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது. இருவரும் ஆளுக்கொரு முனையிலிருந்து, ஒருவர் தேவர் பக்கமும் மற்றவர் அசுரர் பக்கமுமாக நடந்துவந்து நடுவில் சந்தியுங்கள். மத்தின் அருகே கீழே பாருங்கள். கடைசலின் வேகத்தில் மீன்கள் துண்டுதுண்டாக அறுந்து கிடக்கும். ஓரங்களில் அதே மீன்கள் முழுசாக நீந்தும். வேகத்தைக் கல்லில் காட்டச் சிற்பி கண்ட வழி அது.

கைக்குறிப்பு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மூன்று நாள் சீட்டு 62 டாலர். பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் பயன்படுத்தலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பிவிடுங்கள். நாளுக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். சிற்பங்களைத் தொடாதீர்கள். பல கைகள் பட்டு மார்பும் முகமும் கறுத்துப் பளபளக்கும் உருவங்களை அங்கே நிறையப் பார்ப்பீர்கள். அந்த இடங்களில் உளியின் தடம் அழிந்துகொண்டிருக்கிறது.