தண்ணீரைத் திருப்பிவிடும் கட்டை

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. 1937-இல் முழுமைபெற்ற அந்தப் பாதையை இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, விடுமுறை நாளில் ரம்பமும் மண்வெட்டியுமாக மலையேறிவிடுகிறார்கள்.

அவர்கள் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது, பாதையின் குறுக்கே பதித்திருக்கும் கட்டை. மலைப்பாதைக்கு மிதிக்கும் கால்களைவிட மழைத்தண்ணீர்தான் பெரிய எதிரி. சரிவில் இறங்கும் வெள்ளம் பாதையையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு மரக்கட்டையையோ கல்வரிசையையோ சாய்வாகப் பாதி புதைத்து வைக்கிறார்கள். வரும் நீர் அதில் மோதி, ஓரமாகத் திரும்பி, காட்டுக்குள் இறங்கிவிடும். சாய்வு போதாவிட்டால் வண்டல் தேங்கி அடைத்துக்கொள்ளும். சரியாக வைத்தாலும் இலையுதிர் காலம்தோறும் சருகையும் சேற்றையும் வாரித் தள்ளியாக வேண்டும். எவ்வளவு நுட்பமான கைவேலை! நடப்பவர்களோ, அதைத் தாண்டியது தெரியாமலே தாண்டிப் போகிறார்கள்.

மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வழிகாட்டும் வெள்ளைக் குறி தீட்டுவதும் இந்தத் தன்னார்வலர்களே. பாதை திரும்பும் இடமென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குறி.