மெட்ராஸில் சித்திரம், மணிலாவில் சிறுகதை

1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த அ. மாதவையா அந்த மண்டபத்திலேயே உயிர்விட்டார். தமிழுக்காகப் பேசி மாண்ட அவர், ‘தில்லை கோவிந்தன்’, ‘சத்தியானந்தா’, ‘கிளாரிந்தா’, ‘லெஃப்டினன்ட் பஞ்சு’ என்று நாவல்களையும் கை நிறையச் சிறுகதைகளையும் ஆங்கிலத்தில் எழுதியவர். அதே 1925-இல், கடலுக்கு அப்பால் மணிலாவில், ‘பிலிப்பைன்ஸ் ஹெரால்டு’ பத்திரிகையில் பாஸ் மார்க்கெஸ் பெனிட்டெஸ் என்ற பெண்மணி எழுதிய ‘டெட் ஸ்டார்ஸ்’ வெளிவந்தது. ஆங்கிலத்தில் பிலிப்பைன்ஸ்காரர் எழுதிய முதல் நவீனச் சிறுகதை என்று அந்நாட்டார் இன்றும் பாடத்தில் வைத்துக் கொண்டாடும் கதை அது. இங்கே ஒரு தலைமுறை முடிந்த ஆண்டில் அங்கே ஒரு தலைமுறை தொடங்கியது.

தாம்பரம் வட்டாரத்து மலரில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு சொல். மாதவையா 1892-இல் பி.ஏ. தேறியது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு வந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருக்காவிட்டால் இவ்வளவு தூரம் வரத் துணிந்திருப்பார்களா என்பது என் சந்தேகம். ஆகவே மாதவையாவைத் தாம்பரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடினால் வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் முதலில் எழுதிப் பழகிய கல்லூரிச் சஞ்சிகை, 1883-இல் தொடங்கியது, கல்லூரியின் உடைமையாக இங்கேதான் வந்து சேர்ந்தது. அந்த அளவுக்கு உரிமை உண்டு.

சிறுகதைக்கு இலக்கணம் வகுத்த பாடநூல்கள் எல்லாம் ஐந்து உறுப்புகளை அடுக்கும்: கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, கரு. இவற்றுக்கு மூத்த விதி எட்கர் ஆலன் போ 1842-இல் ஹாதார்ன் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் இருக்கிறது. ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடியதாக, ஒரே ஒரு விளைவை நோக்கி ஒவ்வொரு வாக்கியமும் நகர்வதாகக் கதை அமைய வேண்டும் என்பது அவர் கட்சி. போ அமெரிக்கர் என்பது இங்கே முக்கியம். 1901-இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஐந்நூறு பேர் அளவில் அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். 1908-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் எழுந்தது. அமெரிக்கன் தன் நாட்டில் பெருமையாக நினைத்த இலக்கிய வடிவம் சிறுகதைதான். அதையே வகுப்பில் சொல்லிக்கொடுத்தான். பெனிட்டெஸ் அம்மையாரே அந்தப் பல்கலைக்கழகத்தில் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார். பியன்வெனிடோ சாந்தோஸ், பிரான்சிஸ்கோ அர்செல்லானா எல்லாம் அவரிடம் படித்தவர்கள். 1928-இல் பிலிப்பைன்ஸ் காதல் கதைகளின் தொகுதி ஒன்றையும் அவர் கொண்டுவந்தார்.

நம் கல்லூரிகளில் பாடம் சொன்னவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களும் ஆங்கிலேயர்களும். கிறித்தவக் கல்லூரியைப் பல பத்தாண்டுகள் நடத்திய வில்லியம் மில்லர் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களை வாழ்க்கைக் கடலுக்கான வரைபடமாகப் படித்து நூல் எழுதியவர். அவரிடம் இலக்கியம் என்பது ஒழுக்கத்துக்கு வழிகாட்டி. அந்த வகுப்பில் மாணவனுக்கு அடிசனின் கட்டுரையும் கோல்ட்ஸ்மித்தின் நாவலும் ஸ்காட்டின் வரலாற்றுக் கதையும் கிடைத்தன, போ கிடைக்கவில்லை. எனவே சென்னைக்காரர் ஆங்கிலத்தில் பேனா எடுத்தபோது முதலில் வந்தவை நாவலும் கட்டுரையும், இரண்டுக்கும் நடுவில் தொங்கும் நடைச்சித்திரமும்தான். சென்னை மரபு, மணிலா மரபு என்று இரண்டு பள்ளிகள் பிரிந்ததற்கு எழுத்தாளர்களின் திறமையைவிட வாத்தியார்களின் ரசனைதான் காரணம் என்பது என் துணிபு.

மாதவையா உப்பு ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். ‘குசிகர்’ என்ற புனைபெயரில் ‘ஹிந்து’வில் அவர் எழுதிய ஆங்கிலக் கதைகளுக்கு விவாகச் சீர்திருத்தமே நோக்கம் என்று தலைப்பே சொல்லிவிட்டது. பின்னர் அவரே அவற்றைத் தமிழாக்கி ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என்று 1924-இல் வெளியிட்டார். குழந்தை மணம், வரதட்சிணை, விதவையின் கதி என்று அவர் தொட்ட பொருள்களில் அவருக்கிருந்த கோபம் நேர்மையானது. ஆனால் சிறுகதை என்ற அளவில் பார்த்தால் தீர்ப்பு முதல் பத்தியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பாத்திரங்கள் சாட்சி சொல்ல வருகிறார்கள். மில்லரின் மாணவர் அப்படித்தான் எழுதுவார். 1903-இல் வந்து, 1916-இல் லண்டனில் மறுபதிப்பான ‘தில்லை கோவிந்தன்’ இதற்கு நேர்மாறு. தன்வரலாறு போலச் சொல்லப்பட்ட அந்த நாவலில் பட்டப்படிப்புப் படித்த பிராமணப் பையன் தன்னையே கேலிக்கு நிறுத்திக்கொள்கிறான். கதைசொல்லி தானே குற்றவாளிக் கூண்டில் நிற்பதால் வாசகனுக்கு நீதிபதி வேலை மிஞ்சுகிறது. மாதவையாவிடம் கலைஞனைத் தேடுகிறவர் சிறுகதைத் தொகுதியை வைத்துவிட்டு அந்த நாவலைத்தான் எடுக்க வேண்டும்.

அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்த மறைமலையடிகள், வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்துக்குக் குடிவந்தார். அடிகள் என்றால் தனித்தமிழும் சைவமும் நினைவுக்கு வரும், புனைகதை வராது. ஆனால் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ ரெய்னால்ட்ஸின் ‘லைலா’வைத் தழுவி அவர் எழுதியது. ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921-இல் வந்த கடித வடிவ நாவல். மலிவுப் பதிப்பாக லண்டனில் விற்ற ரெய்னால்ட்ஸ், பல்லாவரத்து முனிவரின் கையில் தூய தமிழ் உடுத்திக்கொண்டார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். நோக்குநிலை என்ற உறுப்பைப் பற்றிப் பேசுவோர் ‘கோகிலாம்பாள் கடிதங்க’ளைத் தொடாமல் போவது சரியல்ல. கடிதம் எழுதுபவருக்குத் தெரிந்தது மட்டுமே வாசகருக்கும் தெரியும் என்ற கட்டுப்பாட்டை அது ஏற்றுக்கொள்கிறது. நடைதான் அந்தக் கட்டுப்பாட்டை மறந்துவிடுகிறது. பெண்ணின் கடிதத்தில் ஆசிரியர் குரல் கேட்கிறது.

கா. சி. வேங்கடரமணி மயிலாப்பூரிலிருந்து ‘பேப்பர் போட்ஸ்’ (1921), ‘முருகன் தி டில்லர்’ (1927), ‘கந்தன் தி பேட்ரியாட்’ (1932) ஆகியவற்றை எழுதினார். காவிரிக்கரை அவர் ஊர். காவிரிக்கரையைவிட்டு அவர் ஆங்கிலம் நகரவில்லை. ‘பேப்பர் போட்ஸ்’ தான் சென்னை மரபின் அசல் மாதிரி: கிராமத்துக் காட்சிகள், மனிதர்கள், சிறு விசனங்கள், எதுவும் நிகழ்வதற்குள் அத்தியாயம் முடிந்துவிடும். எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீல். ‘ஹிந்து’வில் ஆங்கில நகைச்சுவைக் கட்டுரைகளை எழுதிப் பேர் வாங்கிய பிறகு ‘ஆனந்த விகட’னுக்குத் தமிழில் எழுதவந்தார். வந்த பிறகுதான் அவர் வீட்டு மாமிகளும் மாட்டுப்பெண்களும் முழு உயிருடன் பேசினார்கள். வேங்கடரமணியும் பின்னால் ‘பாரத மணி’ என்று தமிழ்ப் பத்திரிகை நடத்தித் தன் நாவல்களைத் தமிழாக்கினார். மாதவையா, வேங்கடரமணி, எஸ்.வி.வி. என்று மூவரும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பியவர்கள். மணிலாவில் இந்தத் திரும்பல் பெரிதாக நிகழவில்லை. நம்மிடம் 1915-இலேயே வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ இருந்தது. 1933-இல் ‘மணிக்கொடி’ வந்தது. திரும்பி வர ஒரு வீடு இருந்தது.

மணிலா பள்ளியின் சிகரம் என்று நான் மதிப்பது மனுவேல் அர்கியாவின் ‘எப்படி என் அண்ணன் லியோன் மனைவியை அழைத்து வந்தான்’ என்ற கதை. 1940-இல் அந்தக் கதையின் பெயரிலேயே தொகுதியும் வந்து அரசின் இலக்கியப் பரிசும் பெற்றது. நக்ரெப்கான் கிராமத்துக்குப் பட்டணத்து மருமகள் மரியா வருகிறாள். வண்டி ஓட்டி வருகிறவன் தம்பி பால்டோ. கதையைச் சொல்கிறவனும் அவன்தான். வழக்கமான சாலையை விட்டு வயல்வெளி வழியாக வண்டியை ஓட்டச் சொல்லி அப்பா அனுப்பியிருக்கிறார். ஏன் என்று பால்டோவுக்குத் தெரியாது. வீடு வந்ததும் அப்பா கேட்கும் கேள்விகளில்தான் அது மருமகளுக்கு வைத்த பரீட்சை என்று வாசகனுக்குப் புரிகிறது. பையன் பார்த்ததைச் சொல்கிறான். பார்த்ததன் பொருளை நாம் எடுத்துக்கொள்கிறோம். நோக்குநிலை என்ற உறுப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அர்கியாவை ஜப்பானியப் படை 1944-இல் கொன்றது.

‘டெட் ஸ்டார்ஸ்’ அந்த உயரத்தை எட்டவில்லை என்பது என் எண்ணம். நிச்சயமான பெண்ணுக்கும் மனம் நாடிய பெண்ணுக்கும் நடுவில் ஆல்ஃப்ரெடோ ஊசலாடுவது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இறந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் என்ற உருவகத்தைக் கடைசியில் ஆசிரியையே எடுத்து விளக்கிவிடுகிறார்.

சென்னைப் பள்ளியில் சிறுகதை என்ற வடிவத்தையே தன் தொழிலாக எடுத்தவர் மஞ்சேரி எஸ். ஈசுவரன். ‘நேக்கட் ஷிங்கில்ஸ்’ (1941) தொடங்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இன்று தேடினாலும் எளிதில் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள். புரசைவாக்கத்தில் பிறந்த ஆர். கே. நாராயணன்தான் போவின் விதியை யாரிடமும் சொல்லாமல் நிறைவேற்றியவர். ‘ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே’ கதையில் புளியமரத்தடி ஜோசியரின் கடை, சோழிகள், காஸ் விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் வேடிக்கை போலச் சொல்லிக்கொண்டே வருவார். இருட்டில் வந்த வாடிக்கையாளன் சுருட்டுப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழிக்கிறான். ஜோசியர் சட்டென்று தயங்குகிறார். அவர் என்ன பார்த்தார் என்று ஆசிரியர் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவர் வாய் திறக்கும்போதுதான் தெரிகிறது. களத்துக்காக வைக்கப்பட்டதாகத் தோன்றிய மங்கல் வெளிச்சமே கதைப்பின்னலின் கீல். உறுப்புகளைத் தனித்தனியாக அடுக்கிப் பாடம் நடத்துபவர்கள் இந்த ஒரு கதையில் அவற்றைப் பிரித்துக் காட்டட்டும், பார்ப்போம்.

களம் என்று சொல்லும்போது ஒன்று. பாடநூல் அதைப் பின்னணித் திரை என்கிறது. நமக்குத் திணை மரபு இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், பிறகுதான் மற்றவை. இதை இன்றைய இலக்கிய விமர்சனத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது இந்தத் தாம்பரத்துக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் பணியாற்றிய நிர்மல் செல்வமணியுடையது. அந்தக் கண்ணால் பார்த்தால் அர்கியாவின் வயல்வழி மருதம்தான். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல் என்பதையும் சேர்த்துக்கொண்டால் மாமனார் வைத்த பரீட்சைக்கு இன்னும் ஓர் அர்த்தம் கூடும். இதை நான் அழுத்திச் சொல்லவில்லை.

தரம் நிர்ணயித்தது யார்? மணிலாவில் விடை எளிது: ஹோசே கார்சியா வில்யா. ஆபாசக் கவிதை எழுதியதாக 1929-இல் பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அதே ஆண்டு ‘பிலிப்பைன்ஸ் ஃப்ரீ பிரஸ்’ அவர் கதைக்கு ஆயிரம் பெசோ பரிசு தந்தது. அதில் கப்பலேறி அமெரிக்கா போனார். அங்கிருந்தபடியே ஆண்டுதோறும் தாய்நாட்டுக் கதைகளைத் தேர்ந்து பட்டியலிட்டார். அமெரிக்கத் தொகுப்பாசிரியர் எட்வர்ட் ஓ’பிரயன் தன் 1932-ஆம் ஆண்டுத் தொகுதியையே வில்யாவுக்குக் காணிக்கையாக்கினார். ஒரு தனிமனிதனின் பிடிவாதமான ரசனைக்கு ஒரு நாடே பரீட்சை எழுதியது. நம் ஊரில் ஆங்கிலச் சிறுகதைக்கு அப்படி ஒரு நடுவர் கிடைக்கவில்லை. ‘ஹிந்து’வின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கமே பரிசும் தீர்ப்புமாக இருந்தது. தமிழுக்கு ‘விகடன்’ போட்டிகள் இருந்தன. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை மாதம் ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தது. மாதா மாதம் நடுவரை மாற்றுவது நல்ல ஏற்பாடு. வில்யா போன்ற ஒருவரைத் தமிழுலகம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இரண்டு பள்ளிகளும் பின்னாளில் ஒரே ஊருக்குப் போயின. எடில்பெர்டோ, எடித் டியெம்போ தம்பதி அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, 1962-இல் டுமாகேட்டே நகரத்து சில்லிமன் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. 1973-இல் அதே அயோவாவுக்குப் போனவர் அசோகமித்திரன். அவர் பட்டறை எதையும் தொடங்கவில்லை. அந்த அனுபவத்தை ‘ஒற்றன்’ நாவலாகத் தமிழில் எழுதினார். கடைசிக் காலத்தை வேளச்சேரியில் கழித்து 2017-இல் மறைந்த அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களை ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்று ஆங்கிலத்தில் நடைச்சித்திரமாக எழுதினார். அதே சினிமாக் கம்பெனி உலகத்தில், புலிவேஷக்காரன் ஒருவன் வேலை கேட்டு வரும் ‘புலிக்கலைஞ’னை எழுத உட்கார்ந்தபோது தமிழை எடுத்துக்கொண்டார்.